கந்தகத்துக்கு எந்த எழுத்து?

கூடலூரில் திராட்சைத் தோட்டக் கூலிக்குப் போகும் எங்கள் தெருப் பெண்களுக்குக் கந்தகம் புதிதல்ல. சாம்பல் நோய்க்கு அடிக்கிற மருந்து அது. மருந்தடித்த கொடிக்குள் வேலை பார்த்துவிட்டுக் கண் எரிச்சலோடு வீடு திரும்புவார்கள். அப்படி ஒரு தாயின் மகள் முதுகலை வேதியியல் படிக்கிறாள். தோட்டத்து மண்ணில் கந்தகம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஆய்வறிக்கை எழுதினாள். எங்கள் தெருவில் அறிவியல் ஆய்வு எழுதிய முதல் பிள்ளை அவள்.

அறிக்கை திரும்பி வந்தது. 'சல்ஃபர்' என்ற சொல்லை ஓரிடத்தில் 'பி-எச்' போட்டும் இன்னோரிடத்தில் 'எஃப்' போட்டும் எழுதியிருந்தாளாம். பக்கமெல்லாம் சிவப்பு வட்டம். கூடவே, "கோட்டாவில் வந்தால் இங்கிலீஷ் இப்படித்தான் இருக்கும்" என்று ஒரு சொல். மண்ணைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

"நான் படிச்சதே தப்பாண்ணே?" என்று எங்களிடம் வந்து கேட்டாள்.

இல்லை, தங்கச்சி. பள்ளிப் புத்தகத்தில் நீ படித்தது பி-எச். அது பிரிட்டிஷ் வழக்கம். பிறகு நீ படித்த ஆய்வுக் கட்டுரைகளில் இருந்தது எஃப். அது அமெரிக்க வழக்கம். இரண்டையும் உண்மையாகப் படித்ததால்தான் இரண்டும் உன் கையில் வந்தன.

பெரிய வேதியியலாளர்களுக்கே இந்தச் சிக்கல் இருந்தது. தனிமங்களின் பெயர்களை முறைப்படுத்தும் பன்னாட்டு அமைப்பான ஐயூபேக், 1990-ல் எஃப் எழுத்தை ஏற்றது. 1992-ல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியும் அதற்கு மாறியது. ஆனால் அலுமினியத்துக்கு ஐயூபேக் முதலிடம் கொடுத்தது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலுக்கு. ஜெனிவாவில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆங்கிலப் பெயரைப் பாருங்கள். 'லேபர்' என்பதில் பிரிட்டிஷ் 'யூ' இருக்கிறது. 'ஆர்கனைசேஷன்' என்பதில் பலர் அமெரிக்கருடையது என்று நினைக்கும் 'இசட்' இருக்கிறது. அவர்களை யாரும் கோட்டா என்று சொன்னதில்லை.

2020-ல் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணையிட்டது. சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அரசின் தகுதியை அப்போது யார் அளந்தார்கள்?

ஒரே அறிக்கையில் இரண்டு வழக்கம் கலப்பது குறைதான், மறுக்கவில்லை. எந்த இதழுக்கு எழுதுகிறோமோ அதன் விதியைப் பார்க்க வேண்டும். விதி இல்லையென்றால் ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதையே எழுத வேண்டும். கணினியின் பிழைதிருத்தியையும் அந்த வழக்கத்துக்கு மாற்றிவிட வேண்டும். மேற்கோளையும் நிறுவனப் பெயரையும் மட்டும் உள்ளபடியே விட வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்காமல் சாதியை நினைவூட்டுவதுதான் எங்களுக்குத் தெரிந்த பழைய தீண்டாமை.

அம்பேத்கர் கொலம்பியாவிலும் படித்தார், லண்டனிலும் படித்தார். இரண்டு கரை ஆங்கிலமும் அவருக்குக் கருவிதான், எஜமான் அல்ல.

தங்கச்சி ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் எஃப் ஆக்கிக் கொடுத்துவிட்டாள். எழுத்து சரியாகிவிட்டது. இனி அந்த மண்ணைப் பற்றிப் பேசுங்கள். அதில் நின்று வேலை செய்கிறவர்கள் எங்கள் அம்மாக்கள்.

ஜெய்பீம்!