உத்தர்பாராவில் பிறந்த கார்

கொல்கத்தா நகரைக் காண ஊரிலிருந்து வரும் உற்றாரை நாம் காளிகட்டத்துக்கும், தட்சிணேசுவரத்துக்கும், விக்டோரியா நினைவு மண்டபத்துக்கும் அழைத்துச் செல்வது வழக்கம். மல்லிக் பஜாருக்கு அழைத்துச் செல்வோர் எவரும் இலர். ஆயினும் சென்ற ஓராண்டுக் காலத்தில் நாங்கள் மிகுதியும் சென்று வந்த இடம் அதுவேயாகும். எங்கள் வீட்டு வாயிலில் ஏழு ஆண்டுகளாகத் தார்ப்பாயின் கீழ் உறங்கிக் கிடந்த ஒரு பழைய கான்டெசா காரே அதற்குக் காரணம்.

1991-ஆம் ஆண்டு தந்தையார் அதனை வாங்கினார். லேக் மார்க்கெட் அருகே நாங்கள் குடியிருந்த தெருவில் அக்காலத்தில் கார் வைத்திருந்தவர் சிலரே. கோரமண்டல் எக்ஸ்பிரஸில் வந்திறங்கும் உறவினரை ஹௌரா நிலையத்திலிருந்து அழைத்து வந்தது அந்தக் கார். எங்கள் தங்கையை மணக்கோலத்தில் ஏற்றிச் சென்றதும் அதுவே. தந்தையார் மறைந்தபின் அதை எடுப்பாரில்லை. பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்து, எடை போட்டு விலை கூறினார். இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதை விற்றுவிடலாம் என்பது இல்லத்தரசியின் கருத்து. எங்கள் மகனோ அதைத் தாழ்த்தி, செந்நிறம் பூசி, பெரிய எஞ்சினும் இடிபோல் முழங்கும் புகைக்குழாயும் பொருத்த வேண்டுமென்றான். இரண்டுக்கும் மனம் ஒப்பாமல் நாங்கள் மூன்று மாதம் காலம் கடத்தினோம்.

இந்தக் காரின் வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் கம்பெனியார் 1976 முதல் 1978 வரை செய்த வி.எக்ஸ். வரிசைக் காரே இதன் மூலம். அங்கு அது நின்றபின், நம் ஹூக்ளிக் கரையிலுள்ள உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் அதே வடிவத்தை எடுத்து, 1984-இல் கான்டெசா என்ற பெயரில் செய்யத் தொடங்கினர். நீண்ட முன்புறமும் பின்சக்கர ஓட்டமும் கொண்ட அந்தக் கார், அம்பாஸடரையும் பத்மினியையுமே கண்டு பழகிய கண்களுக்குப் பந்தயக் காராகவே தோன்றிற்று. ஆனால் உள்ளே இருந்தது அம்பாஸடரின் 1.5 லிட்டர் எஞ்சின். திறன் ஏறத்தாழ 50 குதிரை. பயில்வானின் உடலில் நோயாளியின் மூச்சை வைத்தாற்போன்ற நிலை அது. சில ஆண்டுகளில் இக்குறை உணரப்பட்டு, ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர்களும் பொருத்தப்பெற்றன. அதுவே கான்டெசா கிளாசிக். எங்களுடையதும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும் அவ்வண்டி மாருதியின் சிக்கனத்துக்கும், 1991-க்குப் பின் வந்த புதிய கார்களுக்கும் ஈடுகொடுக்க இயலாது, 2002-இல் நின்றுபோயிற்று.

பார்க் தெருவும் ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது மல்லிக் பஜார். ஒருபுறம் பழைய ஆங்கிலேயக் கல்லறைத் தோட்டத்தின் அமைதி. மறுபுறம் சுத்தியல்களின் ஓசை. நடைபாதையிலேயே கதவுகளும், விளக்குகளும், கியர்ப் பெட்டிகளும் குவிந்து கிடக்கும். இறந்த கார்களின் உறுப்புகள் இங்கே வேறு கார்களுக்கு உயிர் கொடுக்கின்றன. எப்பொருளுக்கும் எழுதிய விலை கிடையாது. அவசரம் காட்டுபவர் கூடுதலாகக் கொடுப்பார். எனினும் பிரேக், ஸ்டியரிங் உறுப்புகளை மட்டும் பழையனவாக இங்கு வாங்கலாகாது என்பதை அங்குள்ள பெரியவர் ஒருவரே எங்களுக்கு உணர்த்தினார். எல்லாரும் அவரை உஸ்தாத் என்றே அழைப்பர்.

அவர் எங்கள் வீட்டிற்கு வந்து தார்ப்பாயை விலக்கினார். எஞ்சின் மூடியைத் திறப்பார் என்று மகன் எதிர்பார்த்தான். அவரோ தரையில் படுத்து, சிறு சுத்தியலால் அடித்தளத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று ஒலித்த தகடு, ஓரிடத்தில் சேற்றைத் தட்டினாற்போல் மழுங்கிற்று. சுத்தியல் உள்ளே சென்றுவிட்டது. ஆண்டுதோறும் மழைநீர் தேங்கும் நம் நகரில் துரு மேலிருந்து தொடங்குவதில்லை. கீழிருந்து தின்றுகொண்டு வருகிறது. கதவோரத்து ரப்பர் வெடித்து, உள்ளே புகுந்த நீர் விரிப்பின் அடியில் தங்கியிருந்தது. பிறகு ஒரு காந்தத்தை எடுத்துப் பக்கங்களில் வைத்தார். ஒட்டாத இடங்களில் தகடு இல்லை. பட்டியும் சாயமுமே இருந்தன.

இறுதியாக மகனை அழைத்து, "பேட்டா, உட்கார்ந்து பிரேக்கை மிதி" என்றார். மிதித்தான். மிதி கட்டை எதிர்ப்பே காட்டாமல் தரையைத் தொட்டது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அந்த ஈரம் உள்ளுறுப்புகளை அரித்து, ரப்பர் வளையங்களையும் பயனற்றவையாக்கியிருந்தது. "நீ கேட்ட எஞ்சினை நான் வைத்துத் தருவேன். அதை எதைக் கொண்டு நிறுத்துவாய்?" என்றார் உஸ்தாத். மகன் மறுமொழி கூறவில்லை. அன்று மாலை, தான் எழுதி வைத்திருந்த பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிய பட்டியல் எழுதினான். அதன் முதல் வரி பிரேக் என்பதாக இருந்தது.

சட்டமும் இவ்விஷயத்தில் கண்டிப்பானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் வகுத்த அமைப்பினின்று வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதனை உறுதி செய்தது. நிறத்தை மாற்றினாலும் பதிவேட்டில் குறித்தாக வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த சொந்தக் கார் தகுதிச் சோதனையில் தேறினால்தான் பதிவு புதுப்பிக்கப்படும். ஆகவே பழைய கார் வாங்க எண்ணும் அன்பர்கள், பணம் கொடுக்குமுன் பெல்தலா அலுவலகத்தில் அதன் பதிவு நிலையை விசாரித்தறிதல் நலம். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் தனிப் பதிவு முறை வந்தது. கான்டெசாக்களுள் மூத்ததற்குக்கூட 2034 வரை அப்பேறு இல்லை.

எதை மாற்றுவது, எதை விடுவது? இவ்வினாவுக்கு விடை காரின் வரலாற்றிலேயே இருந்தது. அதைச் செய்தவர்களே உருவத்தைக் காத்து, உள்ளே வலிமை ஊட்டினார்கள். நாங்களும் அவ்வழியே சென்றோம். துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்து, துருத்தடுப்புச் சாயம் பூசினோம். பிரேக் முழுவதும் புதிதாயிற்று. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலப்பதால், அதைத் தாங்கும் எண்ணெய்க் குழாய்களை இட்டோம். குளிர்சாதனத்தின் ஆர்-12 வாயு ஓசோன் படலத்துக்குத் தீங்கு செய்வதென விலக்கப்பட்டுவிட்டது. எனவே வேறு வாயுவுக்கு ஏற்றவாறு அதைத் திருத்தினோம். முகப்பு விளக்குகளின் மின்சாரம் பழைய சுவிட்ச் வழியே ஓடி அதைச் சூடேற்றாதபடி ரிலே பொருத்தினோம். அகலத்தில் மிகைபடாத ரேடியல் டயர்கள், நல்ல இருக்கைப் பட்டைகள், கெட்டியான ஷாக் அப்சார்பர்கள்: இவையே எங்கள் அலங்காரங்கள். வெண்ணிறமும், பளபளக்கும் பம்பரும், தந்தையாரின் கைபட்டு வழவழத்த ஸ்டியரிங் வளையமும் அப்படியே நின்றன. கணக்கு நோட்டைப் பார்த்தால் செலவில் பாதிக்கு மேல் எவர் கண்ணிலும் படாத இடங்களுக்கே போயிருக்கிறது. அண்டை வீட்டார் ஒருவர் வந்து நோக்கி, "கழுவினீர்களா?" என்று கேட்டார். மகன் சிரித்துவிட்டான்.

வேலை முடிந்ததும் ஒரு ஞாயிறு காலை உத்தர்பாராவுக்குப் புறப்பட்டோம். சியாம்பஜாரின் ஐந்து முனைச் சந்தியைக் கடந்து, பி.டி. ரோடு வழியே தட்சிணேசுவரம் அடைந்து, பாலிப் பாலத்தில் ஏறினோம். பக்கத்தில் ரயில் ஓட, கீழே கங்கை விரிந்து கிடந்தது. பாலம் இறங்கும் இடத்தில் ஒரு சைக்கிள் ரிக்ஷா குறுக்கே வந்தது. மகன் பிரேக்கை மிதித்தான். கார் ஒரு கைப்பிடித் தூரம் விட்டு, நேராக நின்றது. அவன் எங்களைத் திரும்பிப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை.

ஜி.டி. ரோடு வழியே வடக்கே சென்றால் உத்தர்பாரா. அதையடுத்த ரயில் நிலையத்துக்குப் பெயரே ஹிந்த் மோட்டார். 1948-இல் குஜராத்தின் ஓகாவிலிருந்து இங்கு வந்த தொழிற்சாலை, 2014 மே 24-இல் வேலையை நிறுத்தியது. பழைய மதிலோரம் இருந்த தேநீர்க் கடையில் காரை நிறுத்தினோம். பெஞ்சில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்து, பின்புற விளிம்பைத் தடவிப் பார்த்தார். "கதவைச் சாத்துங்கள்" என்றார். சாத்தினோம். கண்ணை மூடிக் கேட்டவர், இன்னொரு முறை சாத்தச் சொன்னார். கதவுகள் பொருத்தும் பிரிவில் தாம் வேலை பார்த்ததாகக் கூறி, "இது சரியாக இருக்கிறது" என்றார். எங்களைத் தேநீருக்குக் காசு கொடுக்க அவர் விடவில்லை.

அங்கிருந்து திரும்பும்போது இல்லத்தரசிதாம் முதலில் பேசினார். பொங்கலுக்கு ஊரிலிருந்து அத்தை வருகிறார். கோரமண்டல் இப்போது ஹௌராவுக்கு வருவதில்லை, ஷாலிமாருக்கே வருகிறது. அங்கு டாக்சிக்காக அலைய வேண்டாம், நம் காரையே எடுத்துச் செல்லலாம் என்றார். தந்தையார் காலத்தில் அத்தை அமர்ந்த பின்னிருக்கையின் உறை கிழிந்திருக்கிறது. அதை மாற்ற மறுநாளே மல்லிக் பஜாருக்குச் சென்றோம்.