மண்ணை எண்ணுகிறவர்கள்

தோண்டும் முன் இயற்பியல் பேராசிரியர் சர்வே மீட்டரைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்து நின்றார். முள் அடங்கும்வரை யாரும் பேசவில்லை. பிறகுதான் மாணவர்கள் புல்லைச் செதுக்கி, ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணெடுத்தார்கள்.

ராசிங்காபுரத்துத் தோட்டக்காரர் பெரியவர் ஒருவர் கேட்டார்: "மலைக்குள்ள ஏதோ வைக்கப் போறாகன்னாகளே, அதத்தான் அளக்குறீகளா?"

"இல்லைங்கய்யா, உங்க மண்ணுல இயற்கையாவே இருக்குறத எண்ணுறோம்."

பக்கத்திலுள்ள பொட்டிப்புரம் மலையில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோதே இந்தக் கேள்வியும் பிறந்துவிட்டது. அந்த மலைப்பாறையின் கதிரியக்கத்தை மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஜெர்மானியம் உணர்கருவியில் வைத்து அளந்திருக்கிறார்கள். ஆய்விதழில் வெளியான அந்த எண்களை இந்தப் பெரியவரிடம் யாராவது உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும் என்றே எனக்குப் பட்டது.

பேராசிரியர் மீட்டரைக் களஞ்சியத்திலிருந்த பொட்டாஷ் மூட்டையருகே கொண்டுபோனார். டிக் டிக் சத்தம் நெருங்கி ஒலித்தது. பெரியவர் முகம் மாறியது. பொட்டாசியம் எங்கிருந்தாலும் அதில் பத்தாயிரத்துக்கு ஓர் அணுவுக்குச் சற்றுக் கூடுதலாக பொட்டாசியம்-40 இருக்கும். ஒரு கிராம் பொட்டாசியத்துக்கு நொடிக்குச் சுமார் 31 சிதைவுகள். வாழைக்கும் ஏலத்துக்கும் போடுவது அதே பொட்டாஷ்தான். நம் உடம்பிலேயே இந்தப் பொட்டாசியத்தால் நொடிக்குச் சுமார் நாலாயிரம் சிதைவுகள் நடக்கின்றன என்றதும், "அப்ப நானும் சத்தம் போடுவேனா?" என்று கையை நீட்டினார்.

கல்லூரி ஆய்வகத்தில் அந்த மண் 110 டிகிரியில் காய்ந்து, சலிக்கப்பட்டு, டப்பாக்களில் அடைபட்டது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டிய ஆய்வக உதவியாளர் அக்கா, ஒவ்வொரு சுற்றையும் கட்டைவிரலால் நீவி இறுக்கினார். ரேடான் வாயு கசிந்தால் கணக்கே கெட்டுவிடும். ஏறக்குறைய ஒரு மாதம் அப்படியே வைத்தால்தான் ரேடியமும் ரேடானின் வழித்தோன்றல்களும் சமநிலைக்கு வரும்.

மண்ணின் காமா கதிர்களை எண்ணும் கருவியைச் சரிபார்க்க சீசியம்-137 கதிர்மூலம் வேண்டும். சட்டைப்பொத்தான் அளவுதான், வீரியமும் குறைவு. ஆனாலும் அக்கா இடுக்கியால்தான் எடுத்தார். மார்பில் டோஸ்மீட்டர் பட்டை. வேலை முடிந்ததும் ஈயப்பெட்டி, பூட்டு, பதிவேட்டில் கையெழுத்து. மாணவன் ஒருவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தபோது, "தம்பி, வெளிய போய்க் குடி" என்றார். தூரம் இருமடங்கானால் கதிர் கால்வாசியாகக் குறையும் என்பதை அவர் பாடமாகச் சொல்லவில்லை. நிற்கும் இடத்திலேயே அது தெரிந்தது.

ஈயக் கவசத்துக்குள் முதலில் போனது காலி டப்பா. 20,000 நொடி, அதாவது ஐந்தரை மணி நேரம், அது சும்மா எண்ணப்பட்டது. சுவரும் வானமும் தரும் பின்னணியை அறியாமல் மண்ணின் பங்கைப் பிரிக்க முடியாது. அடுத்து மண். திரையில் 1460 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் பொட்டாசியத்தின் முகடு மெல்ல எழுந்தது. தோரியத்துக்கு 2614-இல் பார்க்க வேண்டும்.

நேரத்தைக் குறைக்கலாமே என்றேன். பேராசிரியர் தாளில் எழுதிக் காட்டினார்: நூறு எண்ணினால் பிழை பத்து; பத்தாயிரம் எண்ணினால் பிழை நூறு, அதாவது ஒரு சதவீதம்தான். மாணவி ஒருத்தி கொண்டுவந்த முடிவுத்தாளை அவர் பார்த்தார். பிழை அளவு எழுதாத ஓர் எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.