ஏரிக்கரையில் ஒரு பாட்டுச் சண்டை

ஜெனிவாவில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மாந்த்ரூ. ஒரு பக்கம் ஆல்ப்ஸ் மலை, மறு பக்கம் ஏரி, நடுவே பூச்செடிகளும் நிதானமாக நடை போடும் பெரியவர்களும். காபி விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதவரை சொர்க்கம்தான். என்ன செய்வது, நான் பி.காம்!

இந்தப் பரம சாதுவான ஊருக்கும் ராக் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கேளுங்கள். 1971 டிசம்பர் 4. ஏரிக்கரையில் இருக்கும் காஸினோவில் ஃப்ராங்க் ஸாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் ஒரு புண்ணியவான் எரிகுண்டுத் துப்பாக்கியைக் கூரையைப் பார்த்துச் சுட, காஸினோ சாம்பல். ஆல்பம் பதிவு செய்ய ஊருக்கு வந்திருந்த 'டீப் பர்ப்பிள்' குழுவினர், ஏரி மேல் புகை படர்வதைப் பார்த்தார்கள். நம்மாட்களாயிருந்தால் சகுனம் சரியில்லை என்று மூட்டை கட்டியிருப்போம். அவர்கள் அதையே பாட்டாக்கிவிட்டார்கள். 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'! கிடார் வாங்கிய பையன்களில் பாதிப் பேர் முதலில் தடவிப் பார்ப்பது அந்தப் பாட்டைத்தான்.

ஆக, உலகின் தலைசிறந்த ராக் பாடகர் யார் என்று சண்டை போட இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 2018 செப்டம்பரில் என் மச்சினனோடு போயிருந்தேன். அவனுக்கு ஜெனிவாவில் வேலை. டீப் பர்ப்பிளின் பாடகர் இயன் கில்லன்தான் அவனுக்குக் குலதெய்வம்.

மார்க்கெட் சதுக்கத்தில், ஏரியைப் பார்த்தபடி வெண்கலத்தில் நிற்கிறார் ஃப்ரெடி மெர்க்குரி. 'க்வீன்' குழுவின் பாடகர். சுமார் மூன்று மீட்டர் உயரம். ஒரு கை வானத்தில், மறு கையில் மைக். 1996 நவம்பரில் திறந்த சிலை. காலடியில் புதுப் பூக்கள்.

"பரவாயில்லையே, இவருக்கும் நம்ம ஊர்ல மாதிரி மாலை மரியாதை!" என்றேன்.

"அத்தான், இவர் பாதி நம்ம ஊர்தான். பார்ஸிக் குடும்பம். நிஜப் பேர் ஃபரூக் பல்ஸாரா. பொறந்தது ஸான்ஸிபார்ல, 1946. ஸ்கூல் படிச்சது மகாராஷ்டிராவுல, பஞ்ச்கனியில."

"அப்ப இவர்தான் பெஸ்ட்டுனு ஒத்துக்கறியா?"

"அது வேற, இது வேற. கில்லன் கத்தினா கண்ணாடி உடையும்!"

பக்கத்து பெஞ்சிலிருந்த வெள்ளைக்காரப் பெரியவர், பாஷை புரியாவிட்டாலும் 'கில்லன்' புரிந்து, "எல்விஸ்!" என்றார். அவர் மனைவி "ஜானிஸ் ஜாப்ளின்" என்று முணுமுணுத்தார். இருபத்தேழு வயதில், 1970-ல் செத்துப்போன பெண். அந்தத் தொண்டையில் எழுபது வருடக் கஷ்டம் கேட்கும் என்பது அம்மையார் கட்சி. சைக்கிளை நிறுத்திவிட்டு வந்த தாடிக்காரப் பையன் 'லெட் ஸெப்பலின்' ராபர்ட் ப்ளாண்ட்டுக்கு ஓட்டுப் போட்டான். சட்டசபை கூடிவிட்டது.

நான் கணக்குப்பிள்ளை புத்தியோடு ஆதாரம் கேட்டேன். மச்சினன் போனில் தேடினான். 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 2008-ல் போட்ட பட்டியலில் முதலிடம் அரிதா ஃப்ராங்க்ளின். எல்விஸ் மூன்று. ப்ளாண்ட் பதினைந்து. ஃப்ரெடி பதினெட்டு. மூக்கால் பாடுகிறார் என்று பாதி உலகம் கேலி செய்யும் பாப் டிலன் ஏழு! பெரியவருக்குச் சிரிப்பு. தாடிக்காரன், "அரிதா ராக்கே இல்லை" என்று பாயின்ட் ஆஃப் ஆர்டர் எழுப்பினான். ஆனால் 1987-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்த முதல் பெண்ணே அவர்தான்.

சரி, விஞ்ஞானம்? ஃப்ரெடியின் குரலை 2016-ல் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். பேச்சுக் குரலை வைத்துப் பார்த்தால் உச்சஸ்தாயிக் குரலே இல்லையாம், நடுத்தரமான பாரிடோனாம். நாலு ஆக்டேவ் என்று ரசிகர்கள் அளப்பதற்கும் சாட்சியம் சிக்கவில்லை. ஆக, பேலன்ஸ் ஷீட் டாலி ஆகவில்லை.

சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுக் காஸினோவுக்கு நடந்தோம். எரிந்ததைத் திரும்பக் கட்டியபோது உள்ளே மவுன்டன் ஸ்டூடியோஸ் என்று ஒரு ஒலிப்பதிவுக் கூடம் வந்தது. 1979-ல் க்வீன் குழுவே அதை விலைக்கு வாங்கியது. 2013-லிருந்து அது கண்காட்சி. நாங்கள் போனபோது டிக்கெட் கிடையாது. எய்ட்ஸ் ஒழிப்புக்காக ஃப்ரெடி பெயரில் நடக்கும் அறக்கட்டளைக்கு விருப்பப்பட்டதைப் போடலாம். கண்ணாடிக்குப் பின்னால் பளபள உடைகள், கையால் எழுதிய பாட்டுத் தாள்கள்.

1991-ல் ஃப்ரெடிக்கு எய்ட்ஸ் முற்றியிருந்தது. நிற்பதே சிரமம். அந்த நிலையிலும் இந்த ஊருக்கு வந்து பாடினார். மே மாதம், 'மதர் லவ்' என்ற பாட்டு. பிரையன் மே வரிகளை எழுதி எழுதிக் கொடுக்க, ஒவ்வொன்றாகப் பாடினார். கடைசிச் சரணம் பாக்கி. ஓய்வெடுத்துவிட்டு வந்து முடிக்கிறேன் என்று போனவர் திரும்பவில்லை. நவம்பர் 24-ம் தேதி லண்டனில் இறந்துபோனார். வயது 45. பாட்டு 1995-ல்தான் வெளியானது. கடைசிச் சரணத்தைப் பிரையன் மே பாடியிருக்கிறார்.

அந்தச் சின்ன அறையில் மச்சினன் வாயே திறக்கவில்லை. நானும்தான்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பாட்டு வெளியாகும்போது கைதட்டல் கேட்க, தான் இருக்கமாட்டோம் என்று அந்த மனுஷருக்குத் தெரியும். லாபம், ராயல்டி, புகழ் எதுவுமே அவர் கைக்கு வரப்போவதில்லை. வணிகவியல் படித்தவனுக்கு விளங்காத வியாபாரம் இது. இருந்தும் சுருதி பிசகாமல் பாடிவிட்டுப் போயிருக்கிறார். ஆக்டேவ், விற்பனை, பட்டியல் எதிலும் இந்தக் கணக்குக்குப் பத்தி கிடையாது. யார் பெரிய பாடகர் என்று என்னைக் கேட்டால், இந்தப் பத்தியில்தான் முதலில் பார்ப்பேன். ஜாப்ளினோ ஃப்ரெடியோ, மிச்சம் வைக்காமல் கொடுத்தவர்களுக்கு ரேங்க் எதற்கு?

திரும்பி வரும் ரயிலில் இதை மச்சினனிடம் சொன்னேன். வெகுநேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான். லோஸான் ஸ்டேஷன் வந்தது.

"கரெக்ட்தான் அத்தான்" என்றான். "ஆனா அந்த மாதிரி உச்சத்துல கில்லன் கத்தினார்னா..."