மற்றப் பிரதி

2023 ஆகஸ்ட் 21, திங்கள்
பிரிவுக்கு ஒன்றாக இருந்த சேவர்களை ஒரே பெட்டிக்குள் மெய்நிகர் சேவர்களாகக் கொண்டுவரும் திட்டம் எங்கள் கந்தோருக்கும் வந்துவிட்டது. பழைய பெட்டிகள் கிளிநொச்சி வெக்கையில் இரைந்து கிடக்கின்றன. கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்குவதில்லை. மாற்றத்தான் வேண்டும். வேலை ஒரு சனி ஞாயிறோடு முடியும். ஆனால் காணிப் பிரிவில் "எங்கட சேவர் எங்கட அறையிலேயே இருக்கட்டும்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள்.

ஆகஸ்ட் 24
இலக்கம் ஒட்ட முடியாத சேவரைப் பொருட்பதிவேட்டில் எப்படிப் பதிவது? கணக்கெடுப்புக்கு வருபவர்களுக்கு எதைக் காட்டுவது? களஞ்சியப் பொறுப்பாளர் கேட்கிறார். பொருள் குறைந்தால் அவர்தான் பதில் சொல்லவேண்டும். அவர் பயம் நியாயம்.

ஆகஸ்ட் 29
திட்டத்தில் கணக்காளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

செப்டெம்பர் 12, செவ்வாய்
கந்தோர் முழுக்க ஒரே கதை. லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டை ஆகஸ்ட் 26 அன்று ரான்சம்வேர் பூட்டிவிட்டது. அதிலிருந்த அரச மின்னஞ்சல்களில் மே 17 முதல் அன்றுவரையானவை போய்விட்டன. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 முகவரிகள். இணைப்பிலிருந்த காப்புப் பிரதியும் பூட்டுப்பட்டது. வெளியே வேறு பிரதி இருக்கவில்லை.

மத்தியானம் கணக்குப் பிரிவு அக்கா வந்தா.
"தம்பி, எங்கட மற்றப் பிரதி எங்க?"
"அதே பெட்டியில, இன்னொரு டிஸ்க்கில."
"பெட்டியே போனா?"
கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா. "2008 கடைசியில சண்டைக்க இஞ்சையிருந்து வெளிக்கிடேக்க சம்பளப் பேரேட்டைப் பாத்துப் பிரதி எழுதினனான். ஒண்டு என்ர பையில, மற்றது தங்கச்சியின்ர பையில. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு எண்டு ஓடின ஓட்டத்தில என்ர பை பங்கருக்குள்ளயே போட்டுது. தங்கச்சியின்ரதுதான் செட்டிகுளம் முகாம் மட்டும் வந்தது. அதைக் காட்டித்தான் சனம் பிறகு நிலுவை கேட்டது."

செப்டெம்பர் 13
திட்டத்தை மாற்றி எழுதினேன். வவுனியாக் கிளையில் இரண்டாவது பெட்டி. இரவு ஒன்பது மணிவரை இருந்தேன்.

செப்டெம்பர் 21
கொழும்பிலிருந்து பதில்: பணம் ஒரு பெட்டிக்குத்தான். வாசித்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஒக்டோபர் 3
காணிப் பிரிவு இறங்கி வந்திருக்கிறது. வெளியே பிரதி இருந்தால் சம்மதமாம். வெள்ளிக்கிழமைகளில் வவுனியா வீட்டுக்குப் போகும்போது டிஸ்க்கைக் கிளையில் தானே கொடுப்பதாக அக்கா சொல்கிறா. ஊழியர் விபரம் முழுக்க ஒருவர் கைப்பையில் பஸ்ஸில் போவதற்கு எழுத்தில் அனுமதி தர யாரும் முன்வரவில்லை. அனுமதியில்லாமல் அவவிடம் கொடுக்க எனக்கு மனமில்லை. இந்த வெள்ளிக்குள் கணக்காளரைத் திரும்பவும் பார்க்கவேண்டும்.