கோணமலையில் ஒரு பிறந்தநாள்

ஜன்ம நட்சத்திரத்தன்று கணவருக்குப் பீமரத சாந்தி உள்ளூர்க் கோயிலில் இனிதே நிறைவேறியது. ஆங்கிலத் தேதிப்படி அவருடைய 70-ஆம் பிறந்தநாளுக்கு இன்னும் 11 நாட்கள் இருந்தன. அந்த நாளை அம்மையார் தமக்கென ஒதுக்கிக்கொண்டார்.

தேவாரப் பாடல் பெற்ற தலங்களுள் ஈழத்தில் உள்ளவை இரண்டு: திருக்கேதீச்சரம், திருக்கோணமலை. 'கடல் கடந்த தலங்கள் நமக்குக் கொடுத்துவைக்கவில்லை' என்று கணவர் என்றோ சொன்னதை அவர் மறக்கவில்லை. தம் பெயரிலிருந்த வைப்புத்தொகை முதிர்ந்ததும், மருத்துவரின் சம்மதம் பெற்று, கொழும்புக்கு விமானச் சீட்டு எடுத்தார். முன்பு மகனிடம் சென்றுவந்த பாஸ்போர்ட்டுகள் கைவசம் இருந்தன.

புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னர் ரகசியத்தை அவரே வெளியிட்டார். "இந்த வயதில் மனத்தைத் தயார் செய்யவும் நாள் வேண்டுமே" என்றார்.

கணவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உன் முழங்காலுக்கு மலை ஏற முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"முடிந்தவரை ஏறுகிறேன். மேலே நீங்கள் எனக்கும் சேர்த்துக் கும்பிடுங்கள்."

சம்பந்தர் பாடிய கோணேச்சரத்தைப் போர்ச்சுகீசியர் 17-ஆம் நூற்றாண்டில் இடித்தனர். 20-ஆம் நூற்றாண்டில் அதே மலையில் கோயில் மீண்டும் எழுந்தது. இருமுறை அமர்ந்து இளைப்பாறி அம்மையாரும் ஏறிவிட்டார். கோணேசர் சந்நிதியில் குருக்கள், யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டார். கணவர் மனைவியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார்.