கீரிமலைக்கு யார் கடிதம் தருவது?

இந்தக் கிழமை எங்கள் தெருவில் ஒரு செத்தவீடு. மாமி போய்விட்டார். தன் சாம்பலை யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலில் சேர்க்கச் சொல்லியிருந்தார். உடலை எரித்து முடிந்ததும் மகன் ஃபோன் எடுத்தார். "அக்கா, அம்மாவின்ர சாம்பலை எங்கட கையில தரமாட்டினமாம்." அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை.

ஊரில் காடாத்தன்று கொள்ளி வைத்த பிள்ளையே எலும்பும் சாம்பலும் அள்ளி முட்டியில் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோகும். யாரிடமும் உத்தரவு கேட்பதில்லை. ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் 1934ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிற ஒரு விதி இருக்கிறது: புதைக்கும் உடலைப் போலவே எரித்த சாம்பலும் மயானத்துக்குத்தான் போகவேண்டும். எரிக்குமுன் வைத்தியர் ஒருவர் உடலை இரண்டாந்தரம் பார்ப்பார். ஒருவர் சாம்பல் இன்னொருவருடையதோடு மாறாமலிருக்க, இலக்கமிட்ட கல்லொன்றைப் பெட்டியோடு உலைக்குள் அனுப்புவார்கள். பிறகு சாம்பலை ஒரு பேழையில் அடைத்து, பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் பொறித்த மூடியால் மூடிவிடுவார்கள். அது மயானத்துக்குப் போகலாம், அனுமதி பெற்ற காட்டுக்குப் போகலாம், கப்பலில் ஏற்றிக் கடலில் இறக்கலாம். ஆனால் வீட்டுச் சாமியறையில் ஓர் இரவு வைக்க முடியாது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதென்றால், "நாங்கள் ஏற்கிறோம்" என்று அங்குள்ள மயானம் எழுதித் தரவேண்டுமாம். கீரிமலைக் கடலுக்கு யார் எழுதித் தருவது?

இலக்கமிட்ட கல்லை நம்புகிற அரசு பெற்ற பிள்ளையை நம்பவில்லை. இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மாமியின் சீவியமே கடிதங்களோடுதான் போனது. எண்பதுகளில் புருஷனை இழந்து, மூன்று பிள்ளைகளோடு கிழக்கு பெர்லின் வழியாக வந்தவர். அகதி முகாமில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே குசினி. பக்கத்து அடுப்பில் இறைச்சி கொதிக்கும். அதற்குள் நின்று பால் காய்ச்சிக் குடித்துக் கந்தசஷ்டி ஆறு நாளும் பிடித்தார். 1989இல் ஹம் நகரில் ஒரு நிலவறைக்குள் காமாட்சி அம்மனுக்குக் கோயில் வைத்தார்கள். அங்கே போய்க் கும்பிட ஆசை. ஆனால் அகதி வழக்கு முடியாதவருக்குத் தன் எல்லையைத் தாண்ட அப்போது அனுமதிக் கடிதம் வேண்டியிருந்தது. கடிதம் வாங்கி, மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போனார். அவரைப் போன்ற சனம் கழுவியும் துடைத்தும் சேர்த்த காசும் சேர்ந்துதான் 2002இல் அந்த அம்மனுக்குப் பதினேழு மீற்றர் கோபுரம் எழும்பியது. இன்று ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப் பெரிய இந்துக் கோயில்களில் அதுவும் ஒன்று. தேர் இழுக்கிற நாளில் அந்தத் தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கீரிமலையை மாமி கேட்டதற்குக் காரணம் உண்டு. 1990க்குப் பிறகு அந்தக் கரை ஆமியின் பாதுகாப்பு வலயத்துக்குள் பல வருசம் கிடந்தது. அந்தக் காலத்தில் ஊரில் அவருடைய அம்மா மோசம்போனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை வேறு கரையில் செய்தார்கள். மாமியால் போகவும் முடியவில்லை. அந்தக் குறையைத் தன் சாவில் தீர்த்துக்கொள்ள நினைத்தார்.

நாங்கள் இருக்கிற நோர்த் ரைன் வெஸ்ட்பாலியாவுக்குப் பக்கத்து மாநிலம் ரைன்லாந்து பலாட்டினேட். அங்கே 2025இல் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். சாம்பலை வீட்டில் வைத்திருக்கலாம். ரைன், மோசல் ஆறுகளிலும் சேர்க்கலாம். அதே ரைன் எங்கள் மாநிலத்துக்குள்ளும்தான் ஓடுகிறது. இங்கேயும் மாற்றச் சொல்லி எங்கள் சனம் கேட்கத்தான் வேண்டும். கோயில் கட்டத் தெரிந்தவர்களுக்கு இதைக் கேட்கத் தெரியாதா?

மாமியின் மகன் பேழையை ஊருக்கு அனுப்பப் பத்திரம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். முப்பத்தோராம் நாளுக்குள் கிடைக்காது போலிருக்கிறது. சித்திரைப் பௌர்ணமிக்காவது மூன்று பிள்ளைகளும் சேர்ந்து கீரிமலைக்குப் போவோம் என்கிறார்கள்.

ரைன்லாந்து பலாட்டினேட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். உயிரோடு இருக்கும்போதே, அந்த மாநிலத்தில் வசிப்பவர் தன் விருப்பத்தை எழுதி வைத்தால்தான் புதிய சட்டம் உதவும். சாவைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் வீடுகளில் ஏச்சு விழும். விழட்டும். அம்மாவிடம் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள்.