சாவி இருக்கும் இடம்

எங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னால், புதிதாக அறிமுகமாகிறவர்கள் சற்று நகர்ந்து உட்காருகிறார்கள். என் கணவர் பதினேழு ஆண்டுகள் இராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். இப்பொழுது புனேயில் ஒரு வங்கிக் கிளையில் காவலராக இருக்கிறார். வங்கிக் காவலுக்குச் செல்லும் முன்னாள் இராணுவத்தினர் பலர் தங்கள் பெயரிலேயே உரிமம் பெற்று 12 போர் துப்பாக்கி ஒன்றை வைத்திருப்பார்கள். வேலை முடிந்ததும் அது அவர்களோடு வீட்டுக்கு வரும். கட்கியிலும் தேஹு ரோட்டிலும் படையையும் ஆயுதத் தொழிற்சாலைகளையும் நம்பிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிய காட்சியல்ல.

துப்பாக்கி பீரோவுக்குள் இருந்தது. தோட்டாக்கள் அதே பீரோவின் உள்ளறையில் இருந்தன. சாவி என் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் கிடந்தது. "அப்பாவின் சாமானைத் தொடக்கூடாது" என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். அதற்குமேல் என்ன வேண்டும் என்றே நாங்கள் இருவரும் எண்ணியிருந்தோம்.

2022-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் ஒரு மாலை, அவர் அவசரமாக வேலைக்குப் புறப்பட வேண்டியிருந்தது. முந்தின நாள் இழுப்பறையைச் சுத்தம்செய்தபோது சாவியை வேறெங்கோ மாற்றிவைத்த நான், இடத்தை மறந்துபோனேன். தலையணைக்குக் கீழும் அலமாரியிலும் பதறித் தேடிக்கொண்டிருந்தேன். அப்பொழுது ஆறு வயது மகள், பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே, "அம்மா, மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பின்னால் பாருங்கள்" என்றாள். பார்த்தேன், இருந்தது. ஒன்பது வயது மகன் பாடப்புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "முன்பெல்லாம் தையல் மெஷினில் அல்லவா இருக்கும்?" என்றான்.

என் கணவர் சாவியை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். எல்லையில் பணிசெய்த காலத்துக் கதைகளைச் சொல்லும்போதுகூட அவர் முகம் அப்படி வெளிறி நான் கண்டதில்லை. அன்று இரவு வேலையிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "நாம் சாவியை ஒளித்துவைக்கவில்லை. ஒளித்துவைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம்" என்றார்.

மறுவாரமே எண்பூட்டு உள்ள இரும்புப் பெட்டி ஒன்று தோட்டாக்களுக்கென்று வந்தது. அது அடுத்த அறையில் வைக்கப்பட்டது. பீரோவின் சாவி அவர் இடுப்பிலேயே இருக்கிறது, குளிக்கப் போகும்போதும். இது பெரியவர்களாகிய எங்கள் கடமை. இதைச் செய்யாமல் பிள்ளைக்குப் புத்தி சொல்வதில் பயனில்லை என்பதை நான் இப்பொழுது உறுதியாக நம்புகிறேன். ஆனாலும் எங்கள் பிள்ளைகள் எங்கள் வீட்டில் மட்டுமா இருக்கிறார்கள்? அதே தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் காவலர்கள் குடியிருக்கிறார்கள்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அவர் பிள்ளைகளை உட்காரவைத்தார். தோட்டாப் பெட்டியை வேறறையில் பூட்டியபின், துப்பாக்கியை எடுத்து நடுவில் மடித்துத் திறந்து, வெறுமையாயிருந்த இரண்டு குழல்களையும் காட்டினார். "காலி என்று நான் சொன்னாலும் நீங்கள் நம்பவேண்டாம். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே எண்ணவேண்டும்" என்றார். பிறகு, துப்பாக்கியை எங்கே கண்டாலும் நின்றுவிடு, தொடாதே, அவ்விடத்தை விட்டுப் போ, பெரியவர் ஒருவரிடம் சொல் என்று கற்பித்தார். அமெரிக்காவில் சிறு பிள்ளைகளுக்கு இந்த நான்கையும் பாட்டுப்போலக் கற்பிக்கிறார்களாம். எங்கள் பிள்ளைகளும் ஐந்தே நிமிடத்தில் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். நான் மகிழ்ந்துபோனேன். அவர் மகிழவில்லை.

அவருக்கு இராணுவப் பயிற்சியின் அனுபவம் இருந்தது. வாய் கற்றது வேறு, கை கற்றது வேறு என்பார். (அந்த அமெரிக்க நாட்டிலேயே செய்யப்பட்ட ஆய்வுகளில், விதிகளை அழகாக ஒப்பித்த பிள்ளைகளில் பலர் தனியே விடப்பட்டபோது துப்பாக்கியைக் கையில் எடுத்ததும், திரும்பத் திரும்ப நடித்துப் பழகிய பிள்ளைகள் அவர்களைவிட நன்றாக நடந்துகொண்டதும் தெரியவந்ததாகப் பிற்பாடு படித்தேன்.) ஒரு வாரம் கழித்து, தீபாவளிக்கு விற்கும் பொட்டு வெடித் துப்பாக்கிகளில் நிஜம்போல் கறுப்பாயிருந்த ஒன்றை வாங்கிவந்து, ஒருவரிடமும் சொல்லாமல் கட்டிலின் மேல் வைத்தார். மகள் அறைக்குள் போனாள், நின்றாள், ஓடிவந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள். மகனோ அதை எடுத்து, கண்ணாடியில் தன்னைக் குறிபார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. "வா, மறுபடியும் செய்வோம்" என்றார். அறைக்குள் வருவது, காண்பது, நிற்பது, திரும்பிப் போவது, சொல்வது. மேசையின் மேல், துணிக்குவியலுக்கு அடியில், ஒருமுறை அடுத்த வீட்டாரின் அனுமதியோடு அவர்கள் திண்ணையில் என்று பல நாட்கள் இது தொடர்ந்தது. நான்காவது மாதத்தில் மகன் ஒருமுறைகூடத் தவறவில்லை.

சுடக் கற்றுக்கொடுப்பது வேறு காரியம். அந்தக் கேள்வி 2024 ஆகஸ்டில் எங்கள் வீட்டுக்குள் வந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றார். கோலாப்பூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலைபார்த்தவர், எங்கள் புனேயில் பயிற்சிபெற்றவர். பள்ளிக்கூடமெல்லாம் அதே பேச்சு. பதினொரு வயது மகன், "அப்பா, என்னையும் ஏர் ரைஃபிளில் சேர்த்துவிடுங்கள்" என்று கேட்டான்.

எனக்கு மனமில்லை. பாளையங்கோட்டையிலிருந்து என் மாமியார், "ஜெபத்துக்குக் கூப்புகிற கையில் துப்பாக்கியைக் கொடுப்பதா?" என்று தொலைபேசியிலேயே அழுதார்கள். அந்தக் கேள்வியை நான் இலேசாகத் தள்ளவில்லை. ஆனால் என் கணவர் தடைசொன்னது வேறு காரணத்தினால். அவர் சிறுவனாயிருந்தபோது ஊரில் ஒரு பையன் ஏர் கன்னால் புறாவைச் சுட்டான். குண்டு கல்லில் பட்டுத் திரும்பி, கூடநின்ற இன்னொரு பையனின் கண்ணைக் கெடுத்தது. பொம்மை என்று நினைத்துப் பெரியவர்களே வாங்கிக்கொடுத்தது அது. "ஏர் கன் ஆளைக் கொல்லாது என்கிறவர்கள் அந்தக் கண்ணைப் பார்க்கவேண்டும்" என்பார்.

"எத்தனை வயதில் சேர்க்கலாம்?" என்று நான் கேட்டேன். நம் நாட்டு ஆயுதச் சட்டம், 1959-இன்படி, 21 வயது நிறைவடையாதவர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. பயிற்சிக்கு மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. விளையாட்டுக்கான சிறிய ஏர் ரைஃபிளோ விதிகள் குறித்த வலுவுக்கு உட்பட்டிருந்தால் உரிமமே தேவையில்லை. ஆக, சட்டம் எங்கள் கேள்விக்கு முழு விடை தரவில்லை. அவர் சொன்ன விடை இதுதான்: "நான் 'நில்' என்று ஒருமுறை சொன்னால் நிற்கிறானா? ஏன் என்று கேட்பது நின்ற பிறகு இருக்கட்டும். அன்றைக்குச் சேர்ப்போம்."

அதன்பின் அவர் கவனிக்கத் தொடங்கினார். சாலையைக் கடக்கையில், சைக்கிளில் இறக்கத்தில் போகையில், கிரிக்கெட்டில் ஆட்டமிழந்த கோபத்தில் மட்டையை ஓங்குகையில் என்று எங்கும் பார்த்தார். கோபத்தில் நிற்பதுதான் கடினமாயிருந்தது. தங்கையோடு சண்டையிட்டுக் கையிலிருந்த டம்ளரை வீசிய நாளில், "இன்னும் ஆறு மாதம்" என்றார். மகன் அழுதான். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் வாய்திறக்கவில்லை.

2025 ஜூனில், பன்னிரண்டு வயதில், சேர்த்தோம். முதல்நாள் நானும் போனேன். படபடவென்று வெடிச்சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு, அங்கிருந்த அமைதி வியப்பாயிருந்தது. முதல் மூன்று வாரம் குண்டே கொடுக்கவில்லை. நிற்பது, மூச்சு விடுவது, குழல் எப்பொழுதும் இலக்கின் பக்கமே இருப்பது, சுடும் கணம்வரை விரல் விசைக்கு வெளியே இருப்பது, இவ்வளவே பாடம். பளிச்சென்ற நிறத்தில் ஒரு நீண்ட பிளாஸ்டிக் கயிற்றைக் குழலுக்குள் செருகி வைக்கிறார்கள். அது முழுவதும் உள்ளே சென்று இரு முனையும் வெளியே தெரிந்தால் குண்டில்லை என்று எவரும் தொலைவிலிருந்தே அறியலாம். 'ஸ்டாப்' என்ற சொல் கேட்டதும் குறிபார்த்திருந்த பிள்ளைகள் அத்தனைபேரும் அசைவற்றுப் போனார்கள். பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். அதை நோக்கி நிற்கிற பிள்ளைக்குக் கோபப்பட நேரமேது என்று பயிற்சியாளர் சிரித்தார். குண்டுகள் ஈயமாகையால், கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் சிற்றுண்டிப் பொட்டலத்தைத் தொடவிடுவதில்லை. இந்த ஒரு பழக்கத்துக்காகவே கட்டணம் தகும் என்று எனக்குத் தோன்றியது.

மாமியாருக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. விடுமுறைக்கு வந்தபோது பேரனிடம், "மனுஷரைக் குறிபார்க்கமாட்டேன் என்று சொல்" என்று கேட்டார்கள். "விளையாட்டுக்குக்கூடப் பார்க்கக்கூடாது ஆச்சி, பார்த்தால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள்" என்றான். அவர்கள் அவன் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, முறுக்கு டப்பாவை எடுத்துக் கொடுத்தார்கள்.

மகளுக்கு இப்பொழுது ஒன்பது வயது நிறைந்துவிட்டது. "நான் எப்பொழுது?" என்று அவளும் கேட்கத் தொடங்கியிருக்கிறாள். கட்டிலின் மேல் இருந்த பொம்மைத் துப்பாக்கியைத் தொடாதவள் நான்தானே என்று நியாயம் பேசுகிறாள். அது உண்மைதான். ஆனால் நேற்று மாலை தொலைக்காட்சியை நிறுத்தும்படி அவள் அப்பா மூன்றுமுறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் முறை எழுந்து நிறுத்தியவள், தானாகவே, "சரி அப்பா, இன்னும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பாடம் படிக்கப் போனாள்.